மாடி சூட்டை நிறுத்தாம ஏசி வாங்காதீங்க | நம்ம கடலோர வீட்டுக்கு கரண்ட் பில் குறைக்கிற வேலை

(காட்சி: ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரை பக்கம் ஒரு மொட்டைமாடி, உச்சி வெயில்)

வணக்கம் மக்களே. சித்திரை மாசம் மதியானம் ரெண்டு மணிக்கு நம்ம ஊரு மாடில வெறுங்கால வைக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சூடு அம்புட்டும் எங்கிட்டு போகுதுங்கிறீக? சாயந்தரம் கடக்காத்து வந்தா வெளிய குளுந்துரும், ஆனா பகல் பூரா கான்கிரீட் குடிச்ச சூடு ராத்திரிதான் மெதுவா உள்ள எறங்கும், அதான் பத்து மணிக்கு ஃபேனை அஞ்சுல வச்சாலும் சுடுகாத்தா வருது. ஒடனே நம்மாளுக என்ன செய்றாக, சவூதில இருக்க மகனுக்கு ஒரு வாய்ஸ் நோட்டு, "ஏசி வாங்கணும் தம்பி, காசு அனுப்பு". ஏசியும் வந்துரும், மாடி அதே சூட்டுலதான் இருக்கும், மிஷினு ராத்திரி பூரா அந்தக் கான்கிரீட்டோட சண்டை போடும், அந்தச் சண்டைக்கு ஈபி பில்லு நம்ம கட்டுவோம்.

அதனால முதல் செலவு மாடிக்கு. வெள்ளை பூசுங்க. கையில காசு கம்மின்னா சுண்ணாம்புல ஃபெவிகால் கலந்து பங்குனிக்குள்ள ரெண்டு கோட்டு, வருசா வருசம் அடிக்கணும். கொஞ்சம் செலவழிக்கலாம்னா வெயிலைத் திருப்பி அடிக்கிற கூல் ரூஃப் பெயின்ட், இல்ல வெள்ளை கூலிங் டைல்ஸ். ஆனா பூசுறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள நின்னு சீலிங்கை அண்ணாந்து பாருங்க.

(காட்சி: காரை பெயர்ந்து கம்பி தெரியுற சீலிங்)

இது நம்ம ஊரு வியாதி. உப்புத்தண்ணி, கடல் மணல் கலந்து கட்டுன பழைய வீடுகள்ல உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதும், ஊதுனா கான்கிரீட்டு பெயர்ந்து விழும். அதை சரி பண்ணாம மேல பெயின்ட் அடிக்கிறதும் சோலார் ஏத்துறதும் காசை கடல்ல போடுற வேலை. ஒரு நல்ல இன்ஜினியரை கூப்பிட்டு காட்டிட்டு செய்யுங்க.

அடுத்து ஜன்னல். கீழக்கரை பழைய வீடுகளைப் பாருங்க, நடுவுல முற்றம், உசந்த கூரை, கச்சான் காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளியேறும். இப்ப கட்டுறவுக எல்லாம் ஸ்லைடிங் ஜன்னல்தான் கேக்குறாக, அதுல பெரும்பாலும் பாதிதான் தொறக்கும், ஓசில வர்ற காத்துல பாதியை நம்மளே மறிச்சுர்றோம். மாத்துறதா இருந்தா முழுசா தொறக்கிற கதவு வச்ச யுபிவிசி, அதான் கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல், போடுங்க, உப்புக்காத்துக்கு துருவும் பிடிக்காது. மேக்குச் செவுத்துல சாயந்தர வெயில் நேரா அடிக்கும், அங்க ஒரு கிடுகுத் தட்டி கட்டுனாக்கூட போதும், பாக்க ஃபேஷனா இருக்காது அம்புட்டுதான்.

ஃபேனு. பழசு 75 வாட் எடுக்கும், பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்ச புது ஃபேனு 30 வாட் பக்கத்துல நிக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ஒரு ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம், நாலு ஃபேன்னா 160. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: ரெண்டு மாசத்துல 500 யூனிட்டை தாண்டுனா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, ஸ்லாபே மாறி கீழ உள்ள யூனிட்டுக்கும் கூட சேத்து வாங்குவாக. 560 வர்ற வீடு 400க்கு எறங்குனா பில்லுல உள்ள வித்தியாசம் நீங்க நெனைக்கிறதை விட பெருசா இருக்கும். அப்புறம் கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல இந்த ஃபேனு ரொம்ப நேரம் தாங்கும்.

ஏசி கட்டாயம் வேணும்னா இதெல்லாம் செஞ்ச பெறகு வாங்குங்க, சின்ன ஏசியே பத்தும். 24ல வைங்க, ஒரு டிகிரி ஏத்துனா ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட கரண்ட் சிக்கனத்துக்கான அமைப்பு பிஇஇ சொல்லுது. வெளிய மாட்டுற யூனிட்டை கடலைப் பாத்து வைக்காதீங்க, உப்பு ஏறி காயில் அரிச்சுருச்சுன்னா அதே குளிருக்கு கூட கரண்ட் இழுக்கும்.

(காட்சி: கமுதி சோலார் பேனல் வரிசை)

கடைசியாத்தான் சோலார். வெயிலுக்கு நம்ம மாவட்டத்துல பஞ்சமே இல்ல, 2016லயே கமுதில 648 மெகாவாட்டுக்கு போட்டுட்டாக. 2024ல வந்த மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல வீட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 மானியம். ஒரு கிலோவாட்டு நல்ல வெயில்ல நாளைக்கு 4 யூனிட் கணக்குல தரும். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓடுற வீட்டுக்கு அவசரமே இல்ல, 100 யூனிட் எப்படியும் ஃப்ரீ.

போடுறவுக ரெண்டு விசயம் கேளுங்க. பேனல் உப்புக்காத்து டெஸ்ட் பாஸ் பண்ணதா, ஸ்டாண்டு அலுமினியமா இல்ல ஹாட் டிப் கால்வனைஸ் (துருப்பிடிக்காம இருக்க உருக்குன துத்தநாகத்துல முக்குறது) பண்ணதா. வாரண்டி பேப்பர்ல கடலுக்கு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கணும்னு நிபந்தனை போட்டுருப்பாக, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் ஆளுக அதைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க. போர் தண்ணில பேனலைக் கழுவாதீங்க, காஞ்சா வெள்ளையா படிஞ்சுரும், நல்ல தண்ணில காலைல வெயில் ஏறுறதுக்குள்ள கழுவுங்க. அப்புறம் ஈபி கனெக்‌ஷன் இன்னும் பாட்டையா பேர்லயே இருந்தா முதல்ல பேரை மாத்துங்க, அப்ளிகேஷன் அங்கதான் பாதி பேருக்கு நின்னு போகுது.