வம்சம் யார் வழியாகப் போகிறது?

எல்லோருக்கும் வணக்கம். 2023-இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. "அப்போ நம்ம வம்சம் என்ன ஆகும்?" என்று கல்யாண வீடுகளில் பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று போகும் ஒற்றைக் கோடு.

அந்தக் கோட்டுக்குச் சாட்சி ஆண்களிடம் மட்டும் உள்ள மரபணுத் தொகுப்பான ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அம்மா வழிக்குச் சாட்சி, அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்ற சிறு மரபணுத் தொகுப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தாலும், அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது மகள்தான். இப்போது ஒற்றைப் பிள்ளை உள்ள தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் என்றால் அம்மாவின் கோடு அவனோடு சரி. மகள் என்றால் அப்பாவின் கோடு நின்றது. இரண்டில் ஒன்று கட்டாயம் போகும். பையன் பிறந்தால் வம்சம் பிழைத்தது என்று லட்டு கொடுக்கிறோமே, அம்மாவின் கோட்டை யாரும் கணக்கில் வைப்பதில்லை!

கோடு அறுவது புதிதல்ல. இன்று உயிரோடுள்ள எல்லோருடைய தாய்வழியும் சுமார் ஒன்றரை, இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரே பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. அன்று அவள் ஒருத்தி மட்டும் இருக்கவில்லை. மற்றவர்களின் தாய்வழிக் கோடுகள் எங்கோ ஒரு தலைமுறையில் மகள் இல்லாமல் நின்றுபோயின. ஆனாலும் அவர்களில் பலரின் மரபணுக்கள் மகன்கள் வழியாக நம்மிடம் வந்திருக்கின்றன.

சரி, பக்கத்தில் மலேசியாவில் இருக்கும் மலாக்காவுக்கு வருவோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள் அங்கேயே பெண் எடுத்தார்கள். அந்த வழி வந்த மலாக்கா செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள் 'பார்ச்சு' என்று முன்னோருக்குப் படையல்: வாழையிலை, அதில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப் பால் சோறு. அந்தப் படையலுக்கு அழைக்கப்படும் பாட்டிமார்களில் தமிழ் தெரியாதவர்கள் எத்தனை பேரோ! பல தலைமுறைகளுக்கு முன் இந்தப் பக்கம் குடியேறிய சீனர்களின் வழிவந்த, சிங்கப்பூரின் பெரானாக்கான் சீனர்களின் மரபணுவை ஆராய்ந்து 2021-இல் வந்த ஆய்விலும் இதே கதைதான். அவர்களிடம் சராசரியாக 5.6 விழுக்காடு மலாய் வம்சாவளி. அதுவும் பெரும்பாலும் பாட்டிகள் வழியாக.

சிங்கப்பூரில் இனி நடக்கப்போவதும் இதுதான் என்பது என் கணிப்பு. ஒற்றைக் கோடுகள் முன்பைவிட வேகமாக அறும், கலப்பு கூடும். இங்கே அரசுப் பதிவில், அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம் என்றால் 2011 முதல் பிள்ளைக்கு இரண்டு இனங்களையும் நடுவில் சிறுகோடு போட்டுப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த ஒருவர், அப்படியே பதிந்த இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் பிள்ளைக்கு நான்கு இனம்கூட வரலாம். பதிவில் இரண்டுக்குத்தான் இடம். எந்தப் பாட்டியை விடுவது என்று பெற்றோர் பிறப்புப் பதிவின்போதே முடிவு செய்தாக வேண்டும்.