பாட்டி டப்பாவில் இருந்த பவுன்: பழைய வெளிநாட்டுக் காசுகளை அடையாளம் காண்பது எப்படி?

[திரையில்: துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. மேசைமேல் காசுகள் கொட்டும் சத்தம்.]

வணக்கம். இந்த டப்பா மொரீசியசில், ரோஸ் ஹில்லில் எங்கள் பாட்டி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மொத்தம் 23 காசு. "அதில் ஒரு பவுன் இருக்கு, பத்திரம்" என்று பாட்டி சொல்லாத பொங்கல் கிடையாது.

இப்படிக் கலந்து கிடப்பது இங்கே அதிசயமே இல்லை. மொரீசியசுக்கென்று ரூபாய், சென்ட் கணக்கில் காசு அடித்ததே 1877இல்தான். அதற்கு முன்னால் இந்திய ரூபாய், பிரெஞ்சு வெள்ளி என்று கப்பல் எதைக் கொண்டுவந்ததோ அதுதான் கைமாறியது.

[திரையில்: சின்ன டிஜிட்டல் தராசு.]

கையில் காசு கிடைத்ததும் எல்லாரும் போனில் படம் எடுத்துத் தேடுகிறோம், போனும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற ஏதோ ஒன்றைக் காட்டி, பக்கத்திலேயே ஒரு பெரிய விலையையும் காட்டிவிடும், அதோடு புத்தி கெட்டுப்போகும். போனைக் கீழே வையுங்கள். முதலில் எடை, அப்புறம் அகலம்.

பாட்டியின் பவுனையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் விக்டோரியா ராணி தலை, மறுபக்கம் குதிரைக்காரனும் டிராகனும், மஞ்சள் பளபளப்பு. உண்மையான பிரிட்டிஷ் பவுன் 7.98 கிராம், 22 மில்லிமீட்டர் அகலம். நகைக்கடையில் 8 கிராமை இன்றைக்கும் நாம் பவுன் என்று சொல்வது அந்தக் காசால்தான். இதுவோ 4 கிராம்கூட வரவில்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆனால் அதை நம்பிச் சந்தோஷப்படாதீர்கள், பித்தளையும் ஒட்டாது.

[திரையில்: குதிரைக்காரன் பக்கம், நெருக்கத்தில்.]

இப்போது எழுத்தைப் படியுங்கள். 'டு ஹானோவர்' என்று இருக்கிறது, அதாவது 'ஹானோவருக்கு'. ஆண்டு 1837. அந்த வருஷம் விக்டோரியா இங்கிலாந்தின் ராணியானார். ஜெர்மனியில் இருந்த ஹானோவரும் அதுவரை அதே அரசரின் கீழ்தான், ஆனால் ஆண் வாரிசு இருக்கும்போது பெண் அரியணை ஏறுவதை அந்த நாட்டுச் சட்டம் விடவில்லை. அதனால் விக்டோரியாவின் சித்தப்பா, கம்பர்லாந்து டியூக், அங்கே அரசராகப் போனார். இங்கிலாந்தில் அவரைப் பலருக்கும் பிடிக்காது. போனால் போகட்டும், தொலைந்தது சனியன் என்று கிண்டலடித்து அச்சடித்த வில்லை இது! சீட்டாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைத்தார்கள், இருட்டில் பவுன் என்று சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டு. எனக்கு என்னவோ இந்தக் கதையே ஒரு பவுன் பெறும். பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை.

[திரையில்: தராசு படம் போட்ட செப்புக் காசு.]

அடுத்து இது. செம்பு, ஒரு பக்கம் தராசு, கூடவே அரபு எழுத்து. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி புழங்கவிட்ட பைசாவிலும் தராசு உண்டு, அதனால் குழம்புவது சுலபம். அந்தப் பைசாவின் மறுபக்கத்தில் கம்பெனியின் சின்னம் இருக்கும், இதில் இல்லை, இரண்டு பக்கமும் அரபுதான். ஆண்டு 1299. அரபு எண்ணில் புள்ளிதான் சுழியம், வட்டமாக இருப்பது ஐந்து, இதில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். 1299 என்பது ஹிஜ்ரி ஆண்டு, அதாவது இஸ்லாமிய நாட்காட்டிக் கணக்கு. அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிட்டத்தட்ட வந்துவிடும், இங்கே 1882. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரின் சுல்தான் பர்காஷ் அடித்த பைசா!

ஆண்டு போட்டிருந்தாலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1780 என்று இருக்கிற இந்தப் பெரிய வெள்ளி, ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர். ராணி அந்த வருஷம் இறந்துவிட்டார், ஆனால் அரபு, ஆப்பிரிக்க வியாபாரிகள் அந்த முகத்தைத்தான் நம்பினார்கள் என்பதால் அதே 1780ஐப் போட்டு ஊர் ஊராக அடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்திய ரூபாயிலும் 1862 என்ற ஆண்டு பல வருஷம் மாறாமல் ஓடியது.

இன்னொன்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்: கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அனுமார் படம், விலை லட்சத்தில். கம்பெனி அனுமார் போட்டுக் காசு அடித்ததே இல்லை, அது பிற்காலத்தில் செய்து விற்ற வில்லை. சாமி அறையில் வையுங்கள், தப்பில்லை, காசு கொடுத்து வாங்காதீர்கள்.

நாட்டுப் பெயரும் இல்லை, அரசர் தலையும் இல்லை, வெறும் எண்ணும் இரண்டு எழுத்தும் மேலே ஒரு ஓட்டையும் மட்டும் இருந்தால் அது காசாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேலையாள் வில்லையாகவோ சாவி வில்லையாகவோ இருக்கலாம். நடுவில் ஓட்டையும் அந்த ஓட்டைக்கு இருபுறமும் யானைத் தந்தமும் இருந்தால் மட்டும் கிழக்கு ஆப்பிரிக்க சென்ட்.

[திரையில்: புளி உருண்டை, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.]

அப்புறம், தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி. காசில் தேய்த்தால் மேல்தோலோடு எழுத்தும் போகும், வாங்குகிறவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். எழுத்து தெரியவில்லையா, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழும்போது தெரியும்.

[திரையில்: கறுத்த சின்னச் செப்புக் காசு, மெதுவாகச் சுழல்கிறது.]

கடைசியில் இது. இருப்பதிலேயே அசிங்கமான காசு. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ, அது வரைக்கும் சரி. மறுபக்க எழுத்து பர்மியமா, சிங்களமா என்று மூன்று ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாட்டி அதை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்: பு... து... ச்... சே... ரி.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த துட்டு. அவர்கள் வாயில் 'தூதூ'.

"தமிழ்தானேடா இது, இதுக்கா மூணு ராத்திரி?" என்றார்.