ஆ என்றால் ஒன்று

வணக்கம் நேயர்களே. கியூபப் புரட்சி என்றதும் பலருக்கும் தாடியும் சுருட்டும்தான் கண்முன் வரும். 1959-இல் வென்ற அந்தப் புரட்சியிலிருந்து கடல் தாண்டிப் போய் இன்னும் புழக்கத்தில் இருக்கும் ஒரு சரக்கு உண்டு: முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை.

1961-இல் இதற்காகக் கியூபாவில் பள்ளிகளை மூடினார்கள். சுமார் ஒரு லட்சம் மாணவர்களை வரதேரோ கடற்கரையில் பயிற்றுவித்து மலைக்கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு தூளிப் படுக்கை, போர்வை, மண்ணெண்ணெய் விளக்கு, பாடநூல், ஆசிரியர் கையேடு. பகலில் விவசாயியோடு வயல் வேலை, பாடம் ராத்திரியில். அதனால்தான் விளக்கு. பலருக்கு எழுத்து ஏறாததற்குக் காரணம் மந்தபுத்தி இல்லை, பார்வைக் குறைவு; மூக்குக் கண்ணாடியும் கொடுக்கவேண்டி வந்தது.

முதல் பாடத்தில் ஓ, ஏ, ஆ என்று மூன்றே எழுத்து. வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த 'அமெரிக்க நாடுகள் அமைப்பு' என்ற அரசியல் கூட்டமைப்பின் ஸ்பானிய முதலெழுத்துகள் அவை. அரிச்சுவடியில் அரசியலைக் கலந்தார்கள் என்ற புகார் பொய்யில்லை. தேர்வு மூன்று முறை. கடைசித் தேர்வில் புரட்சித் தலைவர் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். அந்தக் கடிதங்கள் ஹவானா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓராண்டில் தேறியவர்கள் 7 லட்சத்துக்கு மேல்.

வெளிநாடுகளுக்குப் போனது இதன் வாரிசு: 'யோ சி புயேதோ', அதாவது 'என்னால் முடியும்'. லியோனெலா ரெலிஸ் வகுத்தது, 65 வீடியோ பாடங்கள். சந்தையில் காசு எண்ணுகிறவருக்கு எண் தெரியும் அல்லவா? அதைப் பிடித்து எழுத்துக்கு இழுக்கிறார்கள். ஆ என்றால் 1, ஏ 2, ஈ 3, ஓ 4, ஊ 5. பிறகு மெய்யெழுத்துகளுக்கும் எண். ரோமன் எழுத்து முப்பதுக்குள் அடங்குவதால் இது செல்லும். நம் உயிர்மெய் வரிசைக்கு அப்படியே பொருத்தினால் எண் இருநூறைத் தாண்டிவிடும்!

2003-இல் வெனிசுலா இதை எடுத்துக்கொண்டது. பொலிவியாவில் ஸ்பானியத்தோடு அய்மாரா, கெச்சுவா மொழிகளிலும் நடத்தினார்கள். கிழக்குத் திமோரில்தான் சிக்கல். முதலில் ஓடியது போர்ச்சுகீசிய வீடியோ. கற்பவர்கள் பேசுவதோ 'தேத்தும்' என்ற உள்ளூர் மொழி. அந்த மொழியிலேயே பாடங்களைத் தயாரிக்கவேண்டியிருந்தது. மின்சாரம் எட்டாத ஊரில் தொலைக்காட்சிக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும்.

இன்னொரு சறுக்கல் பாடம் முடிந்தபிறகு. கையெழுத்துப் போடக் கற்றவர் அப்புறம் எதையும் படிக்காவிட்டால் கற்ற எழுத்து சில ஆண்டுகளில் மறந்துபோகும். கியூபாவில் தேறியவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தொடர் வகுப்பு வைத்து, ஆறாம் வகுப்புவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.