ஏழு அணிகளின் ஷார்ட்ஸ்டாப்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் வரிசையாக ஓடி மிதிக்க வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர். களத்தில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் தடுப்பாளரை ஷார்ட்ஸ்டாப் என்பார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் மிட்விக்கெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வலது கை பேட்டர்கள் இழுத்து அடிக்கும் தரைப்பந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். ஆனால் இங்கே பந்தைத் தடுத்தால் மட்டும் போதாது. அடித்தவர் முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இதில் உள்ள நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடைவெளி 90 அடி, அதாவது 27.4 மீட்டர். வலது கை பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸை எட்டச் சுமார் 4.3 நொடி ஆகும். காலில் வேகம் உள்ளவர் என்றால் 4 நொடி. தரைப்பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் வந்து சேரவே ஏறத்தாழ 2 நொடி போய்விடும். அங்கிருந்து முதல் பேஸ் 35 முதல் 40 மீட்டர் தூரம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தாலும் பந்து ஒரு நொடிக்குச் சற்று மேல் காற்றில் இருக்கும். ஆக, கைவசம் மிஞ்சுவது ஒரு நொடி. அதற்குள் குனிந்து பந்தை எடுத்து, கையுறையிலிருந்து வலது கைக்கு மாற்றி, விரல்களைத் தையலின் குறுக்கே பதித்து, காலை முதல் பேஸ் பக்கம் திருப்பி எறிய வேண்டும். தையலில் விரல் பதியாவிட்டால் பந்து நேராகப் போகாது, வழியில் வளையும்.

இந்த வேலையை 16 பருவங்கள், ஏழு அணிகளுக்காகச் செய்தவர் எட்கர் ரென்டெரியா. கொலம்பியாவின் கரீபியன் கரையில் உள்ள பாரன்கியா நகரத்துக்காரர். 1996 முதல் 2011 வரை அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 2,152 ஆட்டங்கள் ஆடி, 2,327 ஹிட்கள் அடித்தார். ஹிட் என்பது அவுட் ஆகாமல் பேஸை எட்டவைக்கும் அடி. சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஐந்து முறை தேர்வானார். இத்தனை அணி மாறியவர் என்றதும், எங்கும் ஒட்டாத மனிதர் போலும் என்று தோன்றலாம். அது தப்புக் கணக்கு. ஓர் அணியில் ஷார்ட்ஸ்டாப் இடம் ஒன்றே ஒன்றுதான். அது காலியானால் வெளியிலிருந்து ஆள் தேடுவார்கள். உள்ளூரில் இளைஞர் ஒருவர் தயாரானதும் விலை கூடிய மூத்தவரைக் கைமாற்றுவார்கள். ரென்டெரியாவின் பயணம் முழுவதும் இந்தக் காலியிடங்களின் வரைபடம்தான்.

1992இல் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 1996 மே மாதம் முதல் ஆட்டம். அந்தப் பருவத்திலேயே 0.309 சராசரி வைத்து, சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். 0.309 என்றால் ஆயிரம் வாய்ப்பில் 309 ஹிட். பேஸ்பாலில் 300ஐத் தாண்டினாலே பெரிய பேட்டர்.

அடுத்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ், அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடர். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கோப்பை. கிளீவ்லாண்டுக்கு எதிரே ஏழாவது ஆட்டம், 2–2 என்ற சமநிலையால் வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் ஓர் அணிக்கு மூன்று அவுட்தான். இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். கிளீவ்லாண்டின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், சார்ல்ஸ் நேகி வீசிய பந்தை ரென்டெரியா மெல்ல நடுக்களத்துக்குத் தட்டினார். நேகியின் கையுறை நுனியை உரசிக்கொண்டு பந்து கடந்து போனது. மூன்றாவது பேஸிலிருந்து கிரெய்க் கவுன்செல் பேட்டர் நிற்கும் தட்டுக்கு ஓடி வந்தார், அது வெற்றி ரன், மார்லின்ஸ் சாம்பியன். அந்த இன்னிங்ஸில் கவுன்செல் உருட்டிய சாதாரணத் தரைப்பந்தைக் கோட்டைவிட்டு வாசலைத் திறந்து கொடுத்தவர் கிளீவ்லாண்டின் டோனி ஃபெர்னாண்டஸ். அவரும் பல அணி பார்த்த பழைய ஷார்ட்ஸ்டாப், அன்று இரண்டாவது பேஸில் நின்றுகொண்டிருந்தார். கோப்பை வென்ற கையோடு மார்லின்ஸ் செலவைக் குறைக்க ஆட்களை ஒவ்வொருவராக விற்கத் தொடங்கியது. 1998 டிசம்பரில் ரென்டெரியாவின் முறை வந்தது. பிரேடன் லூப்பர், அர்மாண்டோ அல்மான்சா, பாப்லோ ஒசுனா ஆகிய மூவரை வாங்கிக்கொண்டு அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செயின்ட் லூயிஸில் ஆறு ஆண்டுகள். அவருடைய உச்சம் அதுதான். மேஜர் லீக் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக்குகளாகப் பிரிந்தது. 2002, 2003 இரண்டிலும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான நேஷனல் லீக்கின் கோல்ட் கிளவ் விருது. 2003இல் 0.330 சராசரி, 47 டபுள் (இரண்டாவது பேஸ்வரை ஓடவைக்கும் அடி), 100 ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), 34 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பவரிடம் இப்படியொரு மட்டை கிடைப்பது அரிது.

தடுப்பாட்டம் அங்கே ஏன் அப்படி அமைந்தது என்றால், பக்கத்தில் நின்றவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2003 வரை இரண்டாவது பேஸில் ஃபெர்னாண்டோ வீன்யா. 2002இல் கோல்ட் கிளவ் இருவருக்குமே கிடைத்தது. டபுள் பிளே என்பதை, அதாவது ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்குத் தள்ள வேண்டும். அங்கே ஓடி வருபவர் நிற்காமல் வாங்கி முதல் பேஸுக்கு எறிவார். பந்து அவருடைய நெஞ்சு உயரத்தில், எறியும் தோள் பக்கமாக, அவர் கால் பேஸில் படும் அதே கணத்தில் வர வேண்டும். ஒரு சாண் தாழ்ந்தால் அவர் குனிந்து நிமிர்வதற்குள், முதல் பேஸுக்கு ஓடுபவர் தப்பிவிடுவார். ஒருவர் பேஸின் குறுக்கே பாய்ந்து வாங்குவார், இன்னொருவர் பின்னால் நின்று வாங்குவார். யாருக்கு எது பிடிக்கும் என்பது ஆடி ஆடித்தான் கைக்குப் பழகும்.

எதிரணிக்காரர் இரண்டாவது பேஸைத் திருட ஓடும்போது அங்கே யார் போய் நிற்பது என்பதும் இருவருக்குள் முடிவாக வேண்டிய விஷயம். கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஷார்ட்ஸ்டாப் வாயை மூடிக் காட்டினால் "நான் போகிறேன்" என்றும், திறந்து காட்டினால் "நீ போ" என்றும் அர்த்தம். அணி மாறினால் இந்தப் பேச்சில்லாப் பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீன்யாவுக்குப் பின் ரென்டெரியாவுக்கு அமைந்த துணைகளைப் பாருங்கள்: டோனி வோமாக், மார்க் பெல்ஹார்ன், மார்க்கஸ் ஜைல்ஸ், கெல்லி ஜான்சன், பிளாசிடோ போலன்கோ, ஃப்ரெட்டி சான்செஸ், பிராண்டன் ஃபிலிப்ஸ்.

2004 வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கார்டினல்ஸை 4–0 என்று துடைத்தெடுத்தது. 86 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனுக்குக் கோப்பை. கடைசி அவுட் ரென்டெரியாதான். பிட்சர் கீத் ஃபோக்கிடமே உருட்டிவிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே பாஸ்டன் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே காலியானது ஓர்லாண்டோ கப்ரேராவின் இடம். அவரும் கொலம்பியர், கார்த்தகேனா நகரத்துக்காரர்.

பாஸ்டனில் 2005இல் 30 எரர், அதாவது தடுப்பாட்டத் தவறு. மேஜர் லீக்கிலேயே அதிகம் அவருடையதுதான். கோல்ட் கிளவ் வாங்கி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. கை மறந்துவிடுமா? மறக்காது. எரர் எப்படி விழுகிறது என்று பார்த்தால் காரணம் ஓரளவு பிடிபடும்.

தரைப்பந்தில் பவுன்ஸ் மூன்று வகை. கையுறைக்கு அருகிலேயே குத்தி எழும் குட்டி பவுன்ஸைப் பிடிப்பது எளிது. தூரத்தில் குத்தி நெஞ்சுக்கு வரும் நீளமான பவுன்ஸும் எளிது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. அது முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில், எழும்பிக்கொண்டே வரும். ஷார்ட்ஸ்டாப் ஓர் எட்டு முன்னால் போனால் அது குட்டி பவுன்ஸாகிவிடும், ஓர் எட்டு பின்னால் போனால் நீளமாகிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால்தான் மாட்டிக்கொள்வார். முன்னாலா பின்னாலா என்பதைத் தரையை நம்பித்தான் முடிவெடுக்கிறார். உள்களத்து மண் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்தது. கலவை விகிதம், ஆட்டத்துக்கு முன் தெளிக்கும் தண்ணீர், புல்லை வெட்டும் உயரம் எல்லாம் மைதானத்துக்கு மைதானம் வேறு. காய்ந்த மண்ணில் பந்து சறுக்கி வேகமாக வரும், புல் அடர்ந்திருந்தால் சோம்பி வரும். ஆறு ஆண்டு ஒரே மண்ணில் நின்று பழகிய கால், புது மண்ணில் அரை எட்டு தாமதித்தாலும் பந்து நடு பவுன்ஸில் வந்து மணிக்கட்டில் அடிக்கும். பருவத்தின் 162 ஆட்டத்தில் பாதி, அதாவது 81, சொந்த மைதானத்தில்தான். ஃபென்வே பார்க்கின் தரை சரியில்லை என்ற பேச்சு அப்போதே அடிபட்டது. அதை மட்டுமே காரணமாக வைப்பது நியாயமாகாது. 30 எரரையும் மண் தலையில் கட்ட முடியாது.

ஃபென்வேயில் இன்னொரு சங்கடம் இடப்பக்கத்துச் சுவர். 37 அடி உயரம். அதில் பட்டுத் தெறிக்கும் பந்துகளை இடைமறித்து உள்ளே அனுப்பும் வேலை ஷார்ட்ஸ்டாப்புக்கு. தெறிக்கும் கோணத்தைப் படிக்கவே நாளாகும். இதோடு லீக்கும் நேஷனலிலிருந்து அமெரிக்கனுக்கு மாறியிருந்தது. பேட்டர்கள் புதியவர்கள். எந்தப் பிட்சர் எந்தப் பந்தை வீசினால் எந்தப் பேட்டர் எங்கே அடிப்பார் என்று கணித்து, பந்து வீசப்படும் முன்பே ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்து நிற்பதில்தான் ஷார்ட்ஸ்டாப்பின் பாதி சாமர்த்தியம் இருக்கிறது. அந்தக் கணிப்பு கைகொடுக்காதபோது பாய்ந்து பிடிக்க வேண்டிவரும். பாய்ந்து எடுத்து அவசரமாக எறியும் பந்துதான் முதல் பேஸ்காரரைத் தாண்டிப் போகும். மட்டையிலும் சராசரி 0.276க்கு இறங்கியது, ஆனாலும் 100 ரன் ஓடினார்.

பாஸ்டன் பொறுக்கவில்லை. 2005 டிசம்பரிலேயே, சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு, ஆண்டி மார்ட்டே என்ற இளைஞருக்கு ஈடாக அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. அவசரப்பட்ட முடிவு என்றுதான் சொல்வேன். ஒரு பருவத்து எரர்களை வைத்துக் கையை எடைபோடக் கூடாது. அட்லாண்டாவில் ரஃபாயெல் ஃபுர்கால் போன இடம் காலியாக இருந்தது. அங்கே நேஷனல் லீக்கின் பழகிய மைதானங்களுக்குத் திரும்பிய ரென்டெரியாவின் எரர்கள், முதல் பருவத்திலேயே பாதிக்கும் கீழே வந்தன. 2007இல் சராசரி 0.332. அவர் வாழ்நாளில் அதுதான் அதிகம்.

அப்போதும் மாற்றினார்கள். யுனெல் எஸ்கோபார் தயாராகிவிட்டார், அவ்வளவுதான். டெட்ராய்ட் டைகர்ஸ் தன் ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கீயெனை முதல் பேஸுக்கு நகர்த்திவிட்டு, ஜெயர் ஜர்ஜென்ஸ், கோர்க்கிஸ் எர்னாண்டஸ் இருவரையும் கொடுத்து ரென்டெரியாவை வாங்கியது. ஜர்ஜென்ஸ் மறு ஆண்டே அட்லாண்டாவுக்காக 13 ஆட்டங்களை வென்றார், டெட்ராய்டில் ரென்டெரியாவின் சராசரி 0.270. இந்தப் பேரத்தில் ஏமாந்தது டெட்ராய்ட்தான்.

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், இரண்டு ஆண்டுக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர். முதல் ஆண்டு முழங்கை வலியோடு 0.250. 2010இல் தொடை இடுக்கு, பின்தொடைத் தசை, புஜத் தசை என்று மூன்று முறை காயப்பட்டியலில் விழுந்தார். 72 ஆட்டங்களில் 3 ஹோம்ரன் (வேலிக்கு மேலே பறக்கும் அடி) மட்டுமே. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஹுவான் உரீபே நின்றார். பருவத்துக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான பிளேஆஃபில் பாப்லோ சாண்டோவாலை உட்காரவைத்து உரீபேயை மூன்றாவது பேஸுக்கு அனுப்பியதால்தான் ரென்டெரியாவுக்கு வழி பிறந்தது.

டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம், நவம்பர் 1, ஆர்லிங்டன். ஜயன்ட்ஸின் பிட்சர் டிம் லின்சிகமும் ரேஞ்சர்ஸின் பிட்சர் கிளிஃப் லீயும் ஆறு இன்னிங்ஸ் வரை ஒரு ரன்னும் விடவில்லை. ஏழாவதில் ஜயன்ட்ஸுக்கு இரண்டு ஹிட். ஆப்ரி ஹஃப் பந்தை மெல்லத் தட்டி இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். பாட் பரெல் அவுட். இப்போது இரண்டு, மூன்றாவது பேஸில் ஆட்கள், முதல் பேஸ் காலி. ரென்டெரியாவை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு அடுத்தவரைச் சந்தித்திருக்கலாம். லீ அவருக்கு வீசினார். முதல் இரண்டு பந்தும் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே. மூன்றாவது, கட்டர் என்னும் கடைசியில் லேசாக விலகும் வேகப்பந்து, தட்டின் மேல் நடுவாக வந்தது. இடது-நடு வேலியைத் தாண்டி விழுந்தது, மூன்று ரன். ஜயன்ட்ஸ் 3–1 என்று வென்றது. அந்த அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்த பிறகு முதல் கோப்பை. தொடரில் 17 வாய்ப்பில் 7 ஹிட், 2 ஹோம்ரன். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. வேர்ல்ட் சீரிஸை முடித்துவைக்கும் வெற்றி ஹிட்டை இரண்டு முறை அடித்தவர்கள் அதுவரை லூ கெரிக், ஜோ டிமாஜியோ, யோகி பெரா. மூவரும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காரர்கள். நான்காமவர் இரண்டையும் வேறு வேறு சட்டையில் அடித்தார்.

2011இல் சின்சினாட்டி ரெட்ஸ், 21 லட்சம் டாலர். அங்கேயும் அவருக்கு முன் நின்றுவிட்டுப் போனவர் ஓர்லாண்டோ கப்ரேராதான். 96 ஆட்டங்கள் ஆடினார். 2013 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார். 2017இல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்புக்கு அவர் பெயர் வந்தபோது 442 சீட்டுகளில் இரண்டில் மட்டும் அது குறிக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டு பாரன்கியாவில் மத்திய அமெரிக்க, கரீபியன் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் புது பேஸ்பால் மைதானம் திறந்தார்கள். அதற்கு எட்கர் ரென்டெரியா மைதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.