ஊராட்சிக்கு வரும் பணத்தால் ஊரை மீட்க முடியுமா?

வணக்கம். கிராம ஊராட்சி நிதி பற்றி வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இன்று பதில் சொல்லப் போகிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் அப்படியே படிக்கிறேன்.

"எங்கள் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் வருகிறார்கள். வாரச்சந்தை நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. ஊராட்சிக்கு வருடா வருடம் லட்சக்கணக்கில் பணம் வருகிறது என்று சொல்கிறார்கள். சந்தையைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று கேட்டால், அதற்கெல்லாம் நிதி இல்லை என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?"

அம்மா, இரண்டுமே உண்மைதான். பணம் வருகிறது. ஆனால் வரும்போதே இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டளையோடு வருகிறது. அதனால் உங்கள் ஊருக்கு வேண்டியதைச் செய்யக் கையில் பணம் இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் தலைவரோடும் ஊராட்சிச் செயலாளரோடும் சண்டை போட்டுப் பயனில்லை. எந்தப் பணத்தில் கை வைக்கலாம் என்று தெரிந்துகொண்டு கேட்டால் பயன் உண்டு.

முதலில் மத்திய அரசின் நிதிக்குழு மானியம். வரிப்பணத்தை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு அது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த, ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தந்த 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு, ஊராட்சிகளுக்குப் பங்கு கொடுப்பது நிதிக்குழுக்களின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, நாடு முழுவதிலும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பெரிய தொகைதான். அதில் 60 சதவீதத்துக்குக் கட்டு போட்டுவிட்டார்கள். பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கு. அந்த ஐந்தாண்டுகளில் மீதி 40 சதவீதம்தான் ஊரின் தேவையைப் பார்த்துச் செலவழிக்கக் கூடியதாக இருந்தது. அதிலும் சம்பளமும் நிர்வாகச் செலவும் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

கணக்குப் புரிவதற்காக, ஒரு ஊராட்சிக்கு இந்த விகிதத்தில் 10 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் தண்ணீர், சாக்கடை, குப்பை என்று போய்விடும். மீதி 4 லட்சம் மூன்று, நான்கு குக்கிராமங்களுக்குப் பங்காகும். ஆளுக்கு ஒரு தெரு என்று கேட்பார்கள். தெருவுக்கு ஐம்பது மீட்டர் பேவர் பிளாக் போட்டால் கணக்கு முடிந்தது. நீங்கள் கேட்கும் சந்தைக்கு அங்கே இடமே வரவில்லை.

குடிநீருக்கு என்று ஒதுக்கியதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டு வாசலுக்குக் குழாய் வந்துவிட்டது. மோட்டார் எரிந்தால் சரிசெய்ய வேண்டியது ஊராட்சிதான். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவு கட்டு என்பதுதான் எனக்கு ஏற்பில்லை. தண்ணீர் தாராளமாக உள்ள ஆற்றங்கரை ஊருக்கும், கரிசல் காட்டில் குடத்தோடு காத்திருக்கும் ஊருக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்?

அடுத்தது மாநில அரசின் பணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. நகரத்துக்கு ஒரு பங்கு, ஊரகத்துக்கு ஒரு பங்கு. இதில் உங்கள் ஊராட்சிக்கு வருவதில் தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் முன்னுரிமையாகப் போகும். அதற்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்திருந்த நடைமுறை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் உண்டு. டேங்க் ஆபரேட்டர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், பல்பு எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். சிறிய ஊராட்சிகளில் ஒன்றும் மிஞ்சாது.

இவை போக, மாநில அரசு அவ்வப்போது ஊர்களை மேம்படுத்த என்றே பெரிய திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2006இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகள், ஊராட்சிக்கு 20 லட்சம் என்று ஐந்தாண்டுகளில் மாநிலம் முழுவதையும் சுற்றிவந்தது. ஊருக்கு ஒரு நூலகம், விளையாட்டு மைதானம், ஊரணி சீரமைப்பு, மயான வசதி என்று செய்தார்கள். நல்ல நோக்கம். 2011இல் ஆட்சி மாறியதும், குக்கிராமங்களை மேம்படுத்தும் ‘தாய்’ திட்டம் வந்தது. ஒரு ஊராட்சியில் மூன்று குக்கிராமம், இன்னொன்றில் நூறு குக்கிராமம் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே தொகை கொடுப்பது நியாயமில்லை என்று, குக்கிராமங்களின் எண்ணிக்கையை வைத்துத் தொகையைப் பிரித்தார்கள். அதுவும் சரியான சிந்தனைதான். 2021க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாவது சுற்றாகத் திரும்ப வந்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கட்டுவதற்குப் பணம் இருந்தது, கட்டியதை நடத்துவதற்கு இல்லை. முதல் சுற்றில் கட்டிய நூலகங்களுக்கு என்ன ஆயிற்று? நூலகருக்கு மிகச் சிறிய மதிப்பூதியம், புதுப் புத்தகத்துக்கு வழியில்லை. பல ஊர்களில் கட்டடம் பூட்டியே கிடந்தது. பிறகு அதே கட்டடங்களைப் பழுதுபார்க்க இன்னொரு திட்டத்தில் நிதி ஒதுக்க வேண்டி வந்தது. ஒரு ஊரை மீட்பது என்றால் அங்கே ஒருவர் மாதம் முழுவதும் தங்கிச் சம்பாதிக்க வழி செய்வது என்றே நான் நினைக்கிறேன். சாலையும் கட்டடமும் அதற்குத் துணை செய்யலாம். அவை மட்டும் இருந்தால் ஆள் தங்க மாட்டார்.

இதற்கு மாறாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி. பலருக்குத் தெரிந்திருக்கும். சண்முகம் தலைவராக இருந்தபோது, ஊராட்சியின் வரவில் பெரும் பகுதியை மின்கட்டணம் தின்பதைக் கவனித்தார்கள். 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. சேர்த்து வைத்த சொந்த நிதி 40 லட்சம், மீதி வங்கிக் கடன். அவர்கள் ஊரில் காற்று போதாது, அதனால் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைத்தது. ஊரின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வரவிலிருந்தே கடனை அடைத்தார்கள்.

எல்லா ஊரும் காற்றாலை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த 40 லட்சத்தைப் பாருங்கள். அது ஊராட்சியின் சொந்தப் பணம் என்பதால்தான் இப்படி ஒரு முடிவை அவர்களால் எடுக்க முடிந்தது. குடிநீருக்கு என்று கட்டுப் போட்டு வந்த பணமாக இருந்தால் காற்றாலையைப் பற்றி யோசித்திருக்கவே முடியாது.

ஆகவே வீட்டு வரி. இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். பூட்டிய வீட்டுக்காரர்களும் கட்ட வேண்டும். பல ஊர்களில் வீட்டு வரி பழைய விகிதத்திலேயே நிற்கிறது, ஊருக்குள் புதிதாக எழுந்த மாடி வீடு பதிவேட்டிலேயே ஏறியிருக்காது. தலைவர் வாக்குக்குப் பயந்து வசூலிப்பதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, சந்தை ஏலம், குளத்து மீன்பாசி ஏலம் இவையெல்லாம் எந்தக் கட்டும் இல்லாமல் ஊராட்சியின் பொது நிதிக்கு வருபவை. உங்கள் சந்தை நின்றபோது ஊராட்சி ஒரு வருமானத்தையும் இழந்திருக்கும்.

கேரளத்தை ஒப்பிட்டு ஒரு வார்த்தை. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஆயிரத்துக்கும் குறைவான கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றும் நம் ஊராட்சிகளைப் போலப் பல மடங்கு பெரியது, அலுவலர்களும் அதிகம். நமக்கு சுமார் 12,500 ஊராட்சிகள், பெரும்பாலானவற்றில் ஒரு செயலாளர்தான். மதிப்பீடு தயாரிக்க ஒன்றியத்துப் பொறியாளரைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவருக்கு சாலையும் சிமெண்டு வாய்க்காலும் போட்டுப் பழக்கம். சந்தைக்கு மதிப்பீடு கேட்டால் தாமதமாகும். நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

இனி உங்கள் சந்தைக்கு வருகிறேன். கொட்டகை, மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, விளக்கு, இவ்வளவுதான் தேவை. தண்ணீரும் கழிப்பறையும் நிதிக்குழு மானியத்தில் கட்டுப்போட்ட பங்கிலேயே கேட்கலாம், அவை குடிநீரும் சுகாதாரமும்தானே. கொட்டகைக்கும் மேடைக்கும் கட்டில்லாத பங்கில் ஒரு பகுதி, அல்லது நமக்கு நாமே திட்டம். அந்தத் திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் கொடைக்கும் கும்பாபிஷேகத்துக்கும் எவ்வளவு அள்ளிக் கொடுக்கிறார்கள்! அதே நோட்டுப் புத்தகத்தைச் சந்தைக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். கொடைக்கு எல்லோரும் வந்திருக்கும் நாளிலேயே பேசுங்கள்.

ஆனால் கொட்டகை போட்டால் சந்தை வந்துவிடாது. பக்கத்து ஊர்ச் சந்தை எந்தக் கிழமை, வியாபாரிகளின் வண்டி எந்த வழியாகப் போகிறது, உங்கள் சுற்று வட்டாரத்தில் விளையும் உளுந்தும் கம்பும் மிளகாயும் இப்போது எங்கே விலைபோகிறது என்று முதலில் விசாரியுங்கள். வியாபாரிகள் நால்வராவது வருகிறோம் என்று சொன்ன பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம். முதல் ஆறு மாதம் சுங்கம் வேண்டாம் என்று ஊராட்சியைத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

தீர்மானம் என்றதும் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கூடுகிறது. இவற்றில் அக்டோபர் 2ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் வேலை அதையொட்டித் தொடங்கும். அதில் சந்தை இடம்பெறாவிட்டால் பிறகு எந்த நிதியிலும் அதைச் சேர்ப்பது கடினம். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப வருகைக் கணக்கு உண்டு. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர் வேண்டும். ஆள் சேராமல் கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து வாங்கினால் கேள்வி கேளுங்கள்.

கிராம சபைக்குப் போவதற்கு முன்பு, ஊராட்சிக் கணக்குகளைக் காட்டும் இ-கிராம்ஸ்வராஜ் அரசு இணையதளத்தைத் திறந்து, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், உங்கள் ஊராட்சி என்று தேர்ந்தெடுங்கள். என்ன திட்டமிட்டார்கள், எவ்வளவு வந்தது, எதற்குக் கொடுத்தார்கள் என்று இருக்கும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். கல்லூரி படிக்கும் பிள்ளை ஒருவரை உட்காரவைத்து மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு பேசும்போது பதில் சொல்லும் விதமே மாறும்.

கடைசியாக, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் யாரிடம் கேட்பது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மாவட்டம் உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த இடங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் இருந்தது. இது சிறிய விஷயம் இல்லை. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் மானியம் என்பது நிதிக்குழுவின் நிபந்தனை. தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் உங்கள் ஊரின் பணம் டெல்லியிலேயே நிற்கும். அதைப் பற்றி எந்தக் கட்சிக்காரர் உங்கள் வாசலுக்கு வந்தாலும் கேளுங்கள். தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூட வேண்டும், வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுவாகவும் ஒரு நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.