மகாதேவனுக்கும் தெரியாத கணக்கு

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெண்கள் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, நாற்காலி போதாமல் பின்னால் நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய நூலகருக்குத் தனியாக ஒரு நன்றி. ஐப்பசி மாதம், உதவும்.

'காலமும் விதியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். காலம் உண்மையிலேயே ஓடுகிறதா? நாளை நடக்கப்போவது இன்றைக்கே முடிவாகிவிட்டதா? அணுவுக்குள் போனால் இந்தக் கணக்கு என்ன ஆகிறது? ஊழ் பற்றிய குறள்களையெல்லாம் புலவர் ஐயா சொல்லிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1955 மார்ச்சில் ஐன்ஸ்டைனின் நெடுநாள் நண்பர் பெஸ்ஸோ இறந்துபோனார். அந்தக் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இயற்பியலை நம்புகிற எங்களுக்கு நேற்று, இன்று, நாளை என்ற பாகுபாடு விடாப்பிடியான ஒரு மாயைதான் என்று எழுதினார் ஐன்ஸ்டைன். அடுத்த மாதம் அவரும் போய்விட்டார். துக்க வீட்டுக்கு இப்படி ஓர் ஆறுதல் சொல்ல அவரால்தான் முடியும்.

இரண்டாவது கேள்விக்கு நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது. பிரான்சில் லாப்லாஸ் என்பவர் 1814-இல் இதற்கு நேர் எதிராக எழுதினார். இந்தக் கணத்தில் உலகத்தின் ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, அதை எந்த விசை இழுக்கிறது என்று அறிந்து, அத்தனையையும் கணக்குப் போடவும் வல்ல ஓர் அறிவு இருந்தால், அதன் கண்முன்னே எதிர்காலமும் இறந்தகாலம் மாதிரியே நிற்கும் என்றார். அவருடைய மகாதேவனுக்கு எல்லாம் தெரியும்.

சரி, பிள்ளைப்பேற்றுக்கு வருகிறேன். என் கதைதான்.

அந்தக் காலத்தில் பிரசவ அறைக்குள் ஆண்கள் போக முடியாது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி ஓர் எலுமிச்சம்பழத்தை வாசற்படி தாண்டி உருட்டிவிடுவாள். பழத்தைக் கண்டதும் வெளியே இருப்பவர் மணி குறிப்பார். என் தாத்தா பஞ்சாங்கமும் பென்சிலுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பழம் வந்தது. ஆனால் எங்கள் கூடத்துத் தரை கிழக்கே கொஞ்சம் சாய்வு. பழம் திரும்பி நெல் குதிருக்கு அடியில் போய்விட்டது. தாத்தா அந்த நேரம் பார்த்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை வீல் வீல் என்று கத்துகிறது. பழம் வரவில்லையே, இது எதிர்வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று மனிதர் அசையாமல் இருக்கிறார். கடைசியில் அத்தை வெளியே வந்து, "மணி குறிச்சாச்சாப்பா?" என்றாள். "பழம் எங்கேடி?" என்றார் தாத்தா. வீடே குனிந்து பழம் தேடியது.

அதோடு போயிற்றா? ரயிலைத் தவறவிடக் கூடாதென்று பெரியப்பா சுவர்க்கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் வைத்திருந்தார். தாத்தா அதைக் கழித்தாரா இல்லையா என்பது இன்றுவரை தகராறு. ஜோசியர் இரண்டு ஜாதகம் எழுதினார். ஒன்றில் நான் கன்னி லக்கினம், இன்னொன்றில் துலாம். பெண் பார்க்கப் போனபோது எது பொருந்தியதோ அதை எடுத்து நீட்டினார்கள். என் மனைவி அதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். எந்த ஜாதகம் பலித்தது என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே எலுமிச்சம்பழம் 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் உருண்டது. எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்து, இயந்திரம் அச்சிட்டிருந்த எண்களைத் திரும்ப உள்ளே கொடுத்தார். இயந்திரத்துக்குள் இருந்தது 0.506127. தாளில் இருந்தது 0.506. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், முதலில் ஒட்டிப் போன வானிலை போகப் போக முற்றிலும் வேறாகிவிட்டது. இயந்திரத்தில் ஏதோ வால்வு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். வால்வு நன்றாகத்தான் இருந்தது. சமன்பாடும் அதேதான். தொடக்க எண்ணில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு பிசிறு, அவ்வளவுதான்.

இப்போது பழமொழியை இன்னொரு தடவை கேளுங்கள். மகாதேவனுக்கும் 'தெரியாது' என்கிறது. முடிவாகவில்லை என்று சொல்லவில்லை! முடிவாகியிருப்பது வேறு, தெரிந்துகொள்ள முடிவது வேறு. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியை மேடைக்கு மேடை முழங்குகிறோம். அதே பாட்டில், பேராற்று நீர் இழுத்துப்போகும் புணை மாதிரி உயிர் முறைவழிப் போகும் என்று எழுதியவரின் பெயரே கணியன், அதாவது நாளும் கோளும் கணித்துச் சொல்பவர். புணை போகும் வழி ஆற்றுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கரையில் நிற்கிற நாம் அளக்க வேண்டாமா?

இங்கேதான் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கிறேன். பேரூராட்சித் தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். நம் ஊரில் ஒரு மழைமானி இல்லை. பதினாறு கிலோமீட்டர் தள்ளித் தாலுகா அலுவலகத்தில் பெய்ததைத்தான் நம் ஊர் மழை என்று எழுதுகிறார்கள். போன கார்த்திகையில் அங்கே தூறல், இங்கே பெரிய ஏரி மதகு உடைந்தது. பதிவேட்டில் நமக்குத் தூறல்தான். பயிர் போனவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? மூன்று மனு கொடுத்தாயிற்று. பதில் எப்போது வரும் என்பதையும் மழைப்பேறு, பிள்ளைப்பேறு பட்டியலில் சேர்க்கலாம்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெண்கள் பள்ளி மைதானத்தில், வேப்பமரத்தை விட்டுத் தள்ளி ஒரு மழைமானி, ஒரு நீள நோட்டு. நாடு முழுக்க மழை அளக்கிற காலை எட்டரை மணிக்கு இரண்டு பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

அணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஹைசன்பெர்க் என்ற இயற்பியலாளர் 1927-இல் சொன்னது இருக்கிறது. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில், நாலாவது மனு இருக்கிறது. முதல் கையெழுத்துக்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன், பேரூராட்சித் தலைவர் அவர்களே. பேனா என்னிடம் இருக்கிறது.