கதவுக்கு வெளியே பேசியது போதும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். தீராத நோயில் கிடப்பவரிடம் உண்மையை மறைப்பது அன்பா, மனம் திறந்து பேசுவது அன்பா? பேசுவதே அன்பு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வரி சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "என்ன சிகிச்சை வேண்டும் என்று நோயாளியிடம் கேட்பது, தூக்குமேடையில் கடைசி ஆசை கேட்கிற மாதிரி" என்றார். ஐயா, அங்கேயே நில்லுங்கள். தூக்குமேடையில் எப்போது கேட்கிறார்கள்? எல்லாம் முடிவான பிறகு. 'என்னைத் தூக்கில் போடாதீர்கள்' என்று அவன் சொன்னால் விட்டுவிடுவார்களா? நாங்கள் கேட்கச் சொல்வது எதுவும் முடிவாகாதபோதே. மூச்சுவிடக் குழாய் வைக்கலாமா, வீட்டிலேயே இருக்க ஆசையா, நினைவு தப்பினால் உங்களுக்காக யார் பேசவேண்டும்? இன்று சொன்னதை அவர் நாளைக்கு மாற்றலாம். 'எனக்கு எதுவும் தெரியவேண்டாம்' என்றாலும் சரி, அதுவும் அவர் விருப்பம்தான். தன் உடம்பைப் பற்றித் தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே, அந்த மனிதர்தான் ஐயா கைதி!

என் அப்பாவை அப்படித்தான் வைத்திருந்தோம். அவருக்குக் காது மந்தம். மருத்துவர் எங்களை மட்டும் அறைக்கு வெளியே அழைத்து, புற்றுநோய் முற்றிவிட்டது என்றார். அன்றிலிருந்து மூன்று வாரம் கதவுக்கு வெளியே அழுகை, உள்ளே போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்னக் கட்டிதான்பா." அவரும் "சரிப்பா" என்பார்.

ஒருநாள் இரவுப் பணிக்கு வந்த செவிலியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கவனியுங்கள், உட்கார்ந்தார்! அதுவரை வந்தவர்கள் எல்லோரும் நின்றபடியே பேசிவிட்டுப் போனவர்கள். "உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க அய்யா?" என்று கேட்டார். மூலையில் கண்ணை மூடிக் கிடந்த நான் தூங்குவதாக அப்பா நினைத்திருக்க வேண்டும். காதுக் கருவியைத் தொட்டுக் காட்டினார். "இதைப் போட்டா கதவுக்கு வெளியே பேசறதும் கேட்குதும்மா. பிள்ளைங்க அழுவுறாங்க. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க."

நடுவர் அவர்களே, இன்னொரு முறை சொல்கிறேன். அவர் தாங்கமாட்டார் என்று நாங்கள் மறைத்தோம். நாங்கள் தாங்கமாட்டோம் என்று அவர் மறைத்தார். மூன்று வாரம்! ஒரே அறையில்!

"வேற என்ன கவலை?" என்றார் செவிலியர். "போன தடவை தீவிர சிகிச்சைப் பிரிவில இந்த மெஷினைக் கழற்றிட்டாங்க. என்ன ஆனாலும் இதை மட்டும் கழற்ற வேண்டாம். பேத்தி பேசறது கேட்கணும்." எந்தக் குழாய், எந்த ஊசி என்று வெளியே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது இவ்வளவுதான்.

உண்மை தெரிந்தால் மனம் விட்டுப்போய் ஆயுள் குறையும் என்கிறது எதிரணி. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். தொடக்கத்திலேயே வலிதணிப்புக் குழுவைச் சந்தித்து, நோயைப் பற்றியும் தங்கள் விருப்பத்தைப் பற்றியும் பேசியவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது அவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. சரி, கணக்கை விடுங்கள்.

அந்த இரவுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. கடைசி நாள் காலையில் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. அண்ணன் ஓடிப்போய் வாங்கிவந்து மாற்றினார். அப்பா கண் திறக்கவில்லை. நான் குனிந்து, மூன்று வாரம் வெளியே நின்று அழுததை எல்லாம் அவர் காதுக்குள் அழுதேன். அவர் விரல் என் விரலை ஒரு தடவை அழுத்தியது.

நன்றி, வணக்கம்.